காவல் நாயின் சிறுகாயங்களும் வீட்டுப் பரிகாரமும்

நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் இராக்காவல் காக்கும் நாய், கமக்காரரின் உழைப்பிற் பங்குகொள்ளும் பிராணியாகும். காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் துரத்திச் செல்லுங்கால் முட்கம்பியிலும் பனங்கருக்கிலும் சூரைமுள்ளிலும் பட்டு அதன் தோல் கிழிவது வழக்கம். இக்கீறல்கள் தோலின் மேற்பரப்பளவில் இருப்பின் அவற்றை வீட்டிலேயே சுகப்படுத்தலாம். அதற்கு வேண்டியவை கொதித்தாறிய நீர், கறியுப்பு, சுத்தமான துணி என்பனவே. இவை போதாவென எண்ணிக் கொட்டிலிற் கிடக்கும் பொருள்களைப் பூசுவதனால் சிறுகாயமும் பெரும்புண்ணாகிவிடுகிறது.

காரணத்தை அறிதல்

காயத்தைத் தொடுமுன் அது வேலியினால் உண்டானதா, பல்லினால் உண்டானதா என்பதை ஆராய்தல் வேண்டும். வேறு நாய், நரி, கீரி, மரநாய் ஆகியவற்றுள் ஒன்று கடித்திருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவேனும் இருப்பின், வெறுங்கையால் அக்காயத்தைத் தொடலாகாது. நீர்வெறுப்பு நோய்க் கிருமி கடித்த விலங்கின் உமிழ்நீரில் இருக்கும். மனிதரின் கையிலுள்ள சிறு வெடிப்பின் வழியாகவும் அது உட்செல்லக்கூடும். நோய்க்குறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தல் மிக அரிது. இத்தகைய நாயை, முன்னர் தடுப்பூசி ஏற்றப்பட்டிருந்தாலும், தாமதமின்றி மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மனிதரின் காயத்தில் உமிழ்நீர் பட்டிருப்பின், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைய தினமே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கழுவும் முறை

நோவினால் வருந்தும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். ஆகையால் ஒருவர் அதனை அணைத்துப் பிடிக்க, மற்றவர் மென்மையான துணிப்பட்டியினால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். வாந்தியெடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் இவ்வாறு கட்டுதல் ஆகாது. வேலை முடிந்தவுடன் கட்டினை அவிழ்த்துவிட வேண்டும்.

இரத்தம் கசியுமாயின் சுத்தமான துணியை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே துணியைத் தூக்கிப் பார்த்தல் கூடாது. பின்னர் காயத்தைச் சூழ்ந்த மயிரை நீரில் நனைத்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுக. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு மட்டமான தேக்கரண்டி கறியுப்பைக் கரைத்து, இளஞ்சூட்டில் அந்நீரைக் காயத்தின்மீது ஊற்றி, மண்ணும் முள்ளும் அகலும்வரை கழுவுக. தேய்த்தல் வேண்டாம். கழுவியபின் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை அகற்ற வேண்டும். மருந்துக்கடையில் விற்கப்படும் பொவிடோன் அயடீனை, ஐதான வெறுந்தேநீரின் நிறம் வருமட்டும் நீர் கலந்து மெல்லத் தடவலாம். காலையும் மாலையும் இவ்வாறு செய்துவர, சிறு உராய்வு பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறும்.

பூசத் தகாதவை

மண்ணெண்ணெயும் பழைய இயந்திர எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கும்போது வயிற்றினுட் சென்று நஞ்சாகும். பினாயிலும் அத்தகையதே. புழுவைக் கொல்லும் நோக்குடன் பயிருக்கான பீடைநாசினியைப் புண்ணில் இடுவது மிகக் கொடிய தவறாகும். புண்வழியாகவும் வாய்வழியாகவும் உட்செல்லும் அந்நஞ்சினால் வாய்நீர் வடிதல், நடுக்கம், வலிப்பு என்பன தோன்றி நாய் இறக்கவுங்கூடும். புகையிலையும் சுண்ணாம்பும் இடுதல் ஆகாது. மனிதர் நோவுக்கு உட்கொள்ளும் பரசிற்றமோல் முதலிய குளிசைகளை வைத்தியரின் சொல்லின்றிக் கொடுத்தலும் ஆகாது.

நக்குதலும் இலையானும்

நாயின் நாக்கே அதற்கு மருந்து என்பது பலரின் எண்ணம். ஆயினும் இடைவிடாது நக்குவதனால் புதிதாக வளரும் தோல் உரிந்துபோகும். வாயிலுள்ள கிருமிகளும் புண்ணிற் சேரும். தடித்த காகித அட்டையைக் கூம்பு வடிவில் வெட்டிக் கழுத்தைச் சுற்றி அணிவித்தால் நக்குதலைத் தடுக்கலாம். ஈரமும் துர்நாற்றமும் உள்ள புண்ணில் இலையான் முட்டையிடும்; ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிப்படக்கூடும். ஆகவே புண் உலருமட்டும் நாயை மாட்டுக்கொட்டிலிலும் எருக்குவியலின் அருகிலும் கட்டாது, வீட்டுத் திண்ணையிற் கட்டுதல் நன்று.

சேற்று வயலிற் கவனம்

எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரில் எலிக்காய்ச்சற் கிருமி இருத்தல் கூடும். உரிந்த தோலின் வழியாக அது நாயினுட் புகும். தொற்றுண்ட நாயின் சிறுநீரினால் வீட்டாருக்கும் நோய் வரலாம். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இக்காய்ச்சல் பெருமளவிற் பரவியபோது, பாதிக்கப்பட்டோருள் நெற்செய்கையாளரும் பலர் இருந்தனர். எனவே பொருக்கு உலர்ந்து விழும்வரை நாயை வயலில் இறங்கவிடாது தடுக்க வேண்டும். காயத்தைக் கழுவுபவர் கையுறையேனும் பொலித்தீன் பையேனும் அணிந்து, வேலை முடிந்தபின் சவர்க்காரத்தாற் கைகழுவுதல் வேண்டும்.

மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டியவை

வாய்பிளந்த காயம், பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நில்லாத காயம், கண்ணையோ மூட்டையோ அடுத்த காயம், சீழும் வீக்கமும் கொண்ட புண், புழு வைத்த புண் ஆகியன வீட்டுப் பரிகாரத்துக்கு உரியவையல்ல. பன்றியின் கொம்புப்பல் பட்ட காயம் வெளியே சிறு துவாரமாகத் தோன்றினும் உள்ளே ஆழமாக இருக்கும். நாய் உணவை மறுத்துச் சோர்ந்து கிடப்பினும் தாமதித்தல் கூடாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கடிகாயமா என்பதை முதலில் அறிக.
2. உப்புநீராற் கழுவுக, எண்ணெயும் நஞ்சும் பூசற்க.
3. நக்குதல், இலையான், சேறு ஆகிய மூன்றையும் தடுக்க.
4. ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஏற்றுவிக்க. ஊசி போடும் தினத்தைப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.