மூன்று சதவீதம் ஏன் பூஜ்யமானது?

2025 பிப்ரவரியில் ஓர் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டி, பிப்ரவரி 18இல் 3.1 ஆனது. மோதினால் அது விழக்கூடிய இடங்களின் பட்டை பசிபிக் கடலில் தொடங்கி ஆப்பிரிக்காவைக் கடந்து தெற்காசியா வரை நீண்டது. ஒரு வாரத்துக்குள் அந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யம். வீணாகப் பயமுறுத்திவிட்டார்கள் என்று இதைக் கடிந்துகொள்வது சரியல்ல. வங்கக்கடலில் புயல் உருவானதும் வானிலை மையம் செய்வதுதான் இங்கும் நடந்தது. முதல் நாள், நாகப்பட்டினம் முதல் நெல்லூர் வரை எங்கு வேண்டுமானாலும் கரையைக் கடக்கலாம் என்பார்கள். மறுநாள் பட்டை குறுகும். சென்னை இன்னும் அதற்குள் இருந்தால் சென்னைக்கான வாய்ப்பு கூடும். புயல் வழி மாறியதால் அல்ல, மற்ற ஊர்கள் கணக்கிலிருந்து விலகியதால். பட்டை சென்னையையும் விட்டுவிட்டால் வாய்ப்பு ஒரேயடியாகச் சரியும். ஏறியதும் இறங்கியதும் ஒரே கணக்குதான். கூடியது அளவீடுகளின் எண்ணிக்கை மட்டுமே.

எப்போதோ நடப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் 2004 டிசம்பரில் இருக்கிறது. அந்த மாதம் அபோபிஸ் என்ற சிறுகோள் 2029இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை போனது. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அந்தக் கல் பதிவாகியிருந்தது டிசம்பர் 27 அன்று தெரியவந்தது. அந்தப் படங்களால் 2029 ஆபத்து நீங்கியது. தமிழ்நாட்டில் அதைக் கவனிக்கும் நிலையில் யாரும் இல்லை. முந்தின நாள்தான் சுனாமி வந்திருந்தது. நம் கரைக்கு அதுவும் எப்போதோ வருவதுதான். அதனாலேயே இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் 2007இல்தான் நமக்கு அந்த மையம் வந்தது. அரிதானது என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டதற்கு நாம் கொடுத்த விலை அது.

எல்லாக் கல்லையும் முன்கூட்டியே கண்டுவிட முடியாது என்பதும் உண்மை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்க்கவில்லை. ஆலங்குளத்துக்கு 30 கிலோமீட்டர் உயரத்தில் அப்படி ஒன்று வெடித்தால் பாவூர்சத்திரத்திலும் தென்காசியிலும்கூட ஜன்னல்கள் நொறுங்கும். செல்யாபின்ஸ்க்கில் காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது கல் அல்ல, கண்ணாடி. வெளிச்சம் முதலில் வந்தது. அதிர்வு இரண்டு நிமிடம் போலப் பின்தங்கி வந்தது. அதற்குள் பலர் வேடிக்கை பார்க்க ஜன்னலருகே போயிருந்தார்கள். வானில் பேரொளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கக் காசு எதுவும் வேண்டாம். பெரிய கல்லை என்ன செய்வது? 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் இன்னொரு சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்பஸ் என்ற சிறுகோளில் மோதி, 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. தள்ளிவிட முடியும், ஆனால் பல ஆண்டுகள் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கேதான் நம் பங்கு வருகிறது. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் 1861இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்றே பெயர். ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டுபிடித்தது இன்று 4130 ராமானுஜன். தேடுதலில் முன்னிற்கும் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களிலும் ஹவாயிலும் உள்ளன. அங்கே பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. அந்த நேரத்தில் நகரும் கல்லை நாம்தான் தொடர்ந்து பார்க்க முடியும். 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.15 மணியளவில் அபோபிஸ் நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிடக் கிட்டத்தில், சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோகும். அதற்கு முந்தைய இரவுகளைக் காவலூர் இப்போதே அந்த ஒரு கல்லுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும்.