தீர விசாரிப்பதே மெய்

கண்டியிலிருந்து குண்டசாலை, பல்லேகலை, திகன ஊடாகத் தெல்தெனியவுக்குச் செல்லும் வீதியை அண்டி அமைந்துள்ளது பல்லேகலை சர்வதேச கிரிக்கெட் மைதானம். அதற்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை 2010 ஜூலையில் தீர்மானித்தது. அதே மாதத்தில்தான் அவர் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வுபெற்றார். மைதானத்தின் முதலாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றதோ அவ்வாண்டு டிசம்பரில். சொந்த மண்ணின் அந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட் போட்டியிலேனும் விளையாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், அவரது பதினெட்டு ஆண்டுகால டெஸ்ட் வாழ்க்கையில் நாம் அனைவரும் கற்கவேண்டிய பாடமொன்று உண்டு.

1920 இல் தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழில் தேடி வந்தவரின் பேரன் முரளிதரன். 1972 ஏப்ரல் 17 இல் பிறந்த அவர், பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய தந்தையின் அரவணைப்பில் வளர்ந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கல்வி பயின்றார். 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பில் தமது முதலாவது டெஸ்ட் போட்டியில் களமிறங்கினார்.

சோதனை 1995 டிசம்பர் 26 இல் வந்தது. மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் எனக் கூறி ஏழு தடவைகள் ‘நோ போல்’ அறிவித்தார். பத்து நாட்களுக்குள் பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் அதையே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தமது வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார்.

குற்றச்சாட்டின் தன்மையை விளங்கிக்கொள்வது அவசியமாகும். அமெரிக்காவிலும் கொரியாவிலும் பெரிதும் விரும்பப்படும் பேஸ்போல் விளையாட்டில் முழங்கையை மடக்கிப் பந்தை எறிவதே முறை. கிரிக்கெட்டில் அது தவறு. ஆயினும், முழங்கை மடங்கியிருப்பதைக் கிரிக்கெட் விதி குற்றமாகக் கொள்வதில்லை; பந்தை விடுவிக்கும் தறுவாயில் மடங்கிய முழங்கையை நீட்டுவதையே அது குற்றமாகக் கொள்கிறது. முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முழுமையாக நீளாதது. அதனுடன் தோளினதும் மணிக்கட்டினதும் வேகமான சுழற்சி சேரும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு அவர் எறிவது போன்றே தோன்றிற்று.

மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் 1996 இல் நடத்தப்பட்ட ஆய்வுகள் இந்தத் தோற்ற மயக்கத்தை வெளிப்படுத்தின. 2004 இல் அவரது ‘தூஸ்ரா’ பந்து மீண்டும் சந்தேகத்துக்கு உள்ளானது. அவரோ முழங்கை நீள இடங்கொடாத கவசத்தை அணிந்து அதே பந்துகளை வீசிக் காட்டினார். அக்காலத்தில் சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகை, வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை என முழங்கை நீட்சிக்கு எல்லை இருந்தது. சர்வதேச கிரிக்கெட் பேரவை ஏனைய பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, குறையற்றோர் எனப் போற்றப்பட்டவர்களில் மிகப் பலர் அவ்வெல்லையைத் தாண்டியிருந்தமை தெரியவந்தது. 2005 இல் அனைவருக்கும் 15 பாகை என்ற பொது எல்லை வகுக்கப்பட்டது. முரளிக்காக விதி வளைக்கப்பட்டது என்போர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

2010 ஜூலை 22 இல் காலியில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டை வீழ்த்தி, 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளுடன் அவர் விடைபெற்றார். ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகள். இவ்விரு சாதனைகளும் இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. அவரது அரசியல் கருத்துகளோடு தமிழ் மக்களில் பலர் உடன்படுவதில்லை என்பதை நாம் அறிவோம். அது வேறு விடயம்.

1977 இனக்கலவரத்தில் அவரது குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் இடம்பெற்ற தகராறொன்றில் தாக்கப்பட்டவர் மார்ச் 3 இல் உயிரிழந்தார். அதையடுத்து இதே வீதியோரத்து முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரியூட்டப்பட்டன. ஒரு சிலர் மீதான குற்றச்சாட்டுக்கு முழுச் சமூகமே தண்டிக்கப்பட்டது. மார்ச் 6 இல் நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. ஒரு மனிதனின் முழங்கையைக்கூட அளந்து பார்த்த பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளப் பத்து ஆண்டுகள் பிடித்தன. ஒரு சமூகத்தின் மீது தீர்ப்பளிக்க விரைவோருக்கு ஓர் இரவு போதுமானதாயிருந்தது. விளையாட்டுக்கு வாய்த்த அந்த நிதானம் நாட்டுக்கும் வாய்க்க வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.