தமிழ் ராப்: ரசிகர்களின் பட்டியலில் இருக்கும் மலேசியக் கதை

தமிழ் ராப் ரசிகர்கள் நால்வர் ஒன்றுகூடினால், யாருக்கு எந்தப் பாடல் பிடிக்கும் என்ற பேச்சு எழாமல் இருக்காது. பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், முப்பது வயதைத் தாண்டிய மலேசிய ரசிகரின் பட்டியலில் ஒரு பாடல் பெரும்பாலும் இடம்பிடித்துவிடும். அது யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘மடை திறந்து’. 2006-இல் வெளிவந்த ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் உள்ள பாடல் அது.

இன்று தமிழ் ராப் என்றதும் இளையோர் பலருக்குச் சென்னைதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்த் திரையில் 1994-லேயே ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ ஒலித்தது உண்மைதான். ஆனால், திரைப்படத்தைச் சாராமல், தனித்து நிற்கும் இசையாகத் தமிழ் ஹிப் ஹாப்பை வளர்த்ததில் மலேசியக் கலைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. யோகி பி இடம்பெற்றிருந்த ‘போயட்டிக் அம்மோ’ குழு 1998-லேயே தனது முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் எனப் பல மொழிகளில் பாடிய குழு அது.

பழைய பாட்டு, புதிய தாளம்

1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தில் நடந்த ஒரு விருந்தே ஹிப் ஹாப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அங்கு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டவர் டிஜே கூல் ஹெர்க். பாடலில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி வந்தால் கூட்டம் துள்ளி ஆடுவதை அவர் கவனித்தார். ஒரே பாடலின் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, அந்தச் சில விநாடிப் பகுதியை நீட்டினார். பழைய பாடலின் ஒரு துண்டை எடுத்துப் புதிய பாடல் கட்டும் ‘சாம்பிள்’ உத்தியும் இதே எண்ணத்தில் வளர்ந்ததுதான்.

‘மடை திறந்து’ செய்ததும் அதுவே. 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையில், வாலியின் வரிகளை எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடல் அதன் அடித்தளம். இசையில் சாதிக்கத் துடிக்கும் இளைஞன் பாடுவதாகப் படத்தில் அந்தப் பாடல் அமைந்திருந்தது. தங்களுக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்த மலேசிய இளைஞர்கள் அதையே தேர்ந்தெடுத்தது பொருத்தம்தானே! அப்பா வானொலியில் கேட்ட மெட்டும் மகன் பேச விரும்பிய வேகமும் ஒரே பாடலில் சேர்ந்தன.

அடுத்த ஆண்டே யோகி பி-யின் குரல் ‘பொல்லாதவன்’ படத்தில் ஒலித்தது. ‘எங்கேயும் எப்போதும்’ என்ற அந்தப் பாடலின் மூலம், 1979-இல் வெளிவந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் உள்ளது. கே. பாலசந்தர் அந்தப் படத்தின் பெரும்பகுதியைச் சிங்கப்பூரில் படமாக்கினார். சிங்கப்பூருக்கு வந்து போன ஒரு பாட்டு, 28 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் குரலோடு மீண்டும் சென்னைத் திரையில் ஒலித்தது.

எதுகையும் மோனையும்

ஆங்கில ராப்பில் அடியின் இறுதியில் ஒலி ஒத்துவருவதற்கு முக்கிய இடம் உண்டு. தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால், தமிழில் இயைபு மிக எளிது. ‘வந்தேன், நின்றேன், சென்றேன்’ என வினைமுற்றுகளை அடுக்கினாலே போதும், ஒலி தானாக ஒத்துவிடும். அதனாலேயே அது விரைவில் சலித்தும் விடும்.

தமிழுக்கே உரிய பலம் அடியின் தொடக்கத்தில் இருக்கிறது. முதல் எழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. ‘பட்டம், சட்டம், கட்டம்’ என்று சொல்லிப் பார்த்தால் தாளம் தானாக விழும். தமிழ்ப்பள்ளியில் இலக்கணமாகப் படித்து மறந்த இந்த இரண்டும், சொல்லிசைக் கலைஞரின் வாயில் மத்தளம் போல ஒலிக்கின்றன. பாடலின் பொருள் முழுதும் புரியாத வயதிலும் சிறுவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்ல இது ஒரு முக்கியக் காரணம்.

யாருடைய சொல்?

திரைப்பாடலில் பொதுவாகக் கவிஞர் எழுதுவார், பாடகர் பாடுவார். ராப்பில் எழுதியவரே பாடுவது வழக்கம். ஆகவே, பாடுபவரின் ஊரும் குடும்பமும் வரிகளுக்குள் வந்துவிடும். 2021-இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ இதற்குச் சான்று. அதை எழுதித் தீயுடன் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்க்கையை அதில் வைத்தார். ஒப்பாரியின் சாயலும் அதில் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய பாட்டிகளைக் கண்ட மலேசியக் குடும்பங்களுக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல.

அதே ஆண்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு, அறிவின் படம் இல்லாமல் அட்டையை வெளியிட்டபோது கண்டனம் எழுந்தது. பின்னர் அவர் படத்துடன் ஓர் இணைய அட்டை வந்தது. சொல் யாருடையதோ அவருடைய பெயர் நிலைக்க வேண்டும் என்பதே அன்று எழுந்த குரலின் சாரம்.

நம் கலைஞர்களுக்கும் அது பொருந்தும். ‘எந்திரன்’ படத்தின் ‘இரும்பிலே ஓர் இருதயம்’ பாடலில் ஒலிக்கும் ராப் குரல்களில் ஒன்று சிங்கப்பூரின் லேடி காஷுடையது. ‘காலா’ படத்தின் ‘கற்றவை பற்றவை’ பாடலில் ஒலிப்பவர்களில் ஒருவர் யோகி பி. பாடலை அறிந்தவர்கள் பலர். குரலுக்கு உரியவரின் ஊரை அறிந்தவர்கள் சிலரே.

பிடித்த பாடல்களைப் பிள்ளைகளுடன் பகிரும்போது, பழைய ‘மடை திறந்து’ பாடலையும் 2006-இல் வந்ததையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடலாம். இரண்டும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது. பாடி முடித்ததும், அந்தக் குரல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.