முக்கக் கூடாது, மேலே இழுக்க வேண்டும்

கீழச்சிவல்பட்டியில் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்துவிட்டால், அதை யாரிடம் சொல்வார்? வெளியூர்க் கல்யாணத்துக்குப் பேருந்து ஏறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார். "மூணு பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே முடிந்தது.

ஆனால் மருந்தும் கத்தியும் இல்லாமலே பலருக்குக் குறையக்கூடிய தொல்லை இது. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தொட்டில் துணிபோல அடியில் ஏந்தியிருக்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோகின்றன. பயிற்சியால் அவற்றுக்குப் பலம் கூட்டலாம் என்று 1948-இல் எழுதியவர் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கீகல். அவர் வாயால் சொல்லி அனுப்பியதோடு விடவில்லை. தசை இறுகுகிறதா என்று காட்ட ஒரு அழுத்தமானியையும் உருவாக்கினார்.

அதன் அவசியம் பிறகு தெரிந்தது. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 47 பெண்களுக்கு வாய்ச்சொல்லால் மட்டும் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவை அதிகமாக்கக்கூடியது.

பிரசவ அறையில் "முக்கும்மா, முக்கு" என்று கேட்டுப் பழகிய உடம்பு நம்முடையது. "அடியை இறுக்குங்க" என்றால் மூச்சைப் பிடித்துக் கீழே முக்கிவிடுகிறவர்கள் உண்டு. வேண்டியது நேர் எதிரானது. நாலு பேர் நடுவில் காற்றை அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறும் தொடையும் பிட்டமும் சும்மா இருக்கட்டும். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு நிற்காது. முடிந்த விநாடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்தி, மறுபடி இழுங்கள்: வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. தும்மலுக்கு முன்பும் குடம் தூக்கும் முன்பும் ஒரு தரம் இழுத்துக்கொள்வது நல்ல பலன் தரும்.

சரியாக வருகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியரோ இயன்முறை மருத்துவரோ, சம்மதம் கேட்டு, உறையணிந்த விரலால் பார்த்துச் சொல்லலாம். விரல் உள்ளே இழுபட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால் முக்குகிறோம் என்று அர்த்தம். இந்த ஐந்து நிமிடச் சோதனையைத்தான் நாம் கூச்சப்பட்டுத் தவிர்க்கிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. இந்தப் பயிற்சியையும் அதில் கற்றுத்தர வேண்டும். ஆச்சிமாரே, அக்காமாரே, அடுத்த முறை செவிலியர் வந்தால் பிரஷரும் சர்க்கரையும் பார்த்ததோடு அனுப்பிவிடாதீர்கள். இதையும் சொல்லுங்கள். அடி இறங்குவதுபோல இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.