டயாப்லோ இம்மார்ட்டல்: விளையாடுவோர் கருத்துகள்

டயாப்லோ இம்மார்ட்டல் என்பது பிளிசார்ட் நிறுவனமும் சீனாவின் நெட்ஈஸ் நிறுவனமும் உருவாக்கிய கைப்பேசிப் பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். இதன் கதை டயாப்லோ 2-இன் தொடர்ச்சியாக, மூன்றாம் பாகத்துக்கு முன் நிகழ்கிறது. கணினிக்கான அடுத்த பாகத்தை எதிர்பார்த்திருந்த இரசிகர்கள், 2018 நவம்பரில் அறிவிப்பு வந்தபோது அரங்கிலேயே கூச்சலிட்டு எதிர்த்தனர்.

2022 சூன் 2 அன்று வெளியானபின், சண்டை அமைப்பும் தொடுதிரைக் கட்டுப்பாடும் பலருக்குப் பிடித்தன. பணம் பிடுங்கும் முறைதான் பிடிக்கவில்லை. பாத்திரத்தின் வலிமையைக் கூட்டும் உயர்தரக் கற்கள் குலுக்கலில் கிடைக்கும். நல்ல வாய்ப்பு வேண்டுமெனில் காசு கட்டவேண்டும். பெட்டிக்கடையில் சீட்டு கிழித்துப் பரிசு தேடுவது போன்றதே இது. இலவசம் என்பது நுழைவதற்கு மட்டுமே.

மெட்டாகிரிட்டிக் தளத்தில் பயனர் மதிப்பெண் 10-க்கு 1-ஐக்கூட எட்டவில்லை. இத்தகைய குலுக்கலுக்குச் சட்டக் கட்டுப்பாடு இருந்ததால் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் விளையாட்டு வெளியிடப்படவில்லை.