எஞ்சினை நாமே திறக்கலாமா?

கம்பளையில் புறப்பட்டுப் புசல்லாவையைக் கடந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கீழே பார்த்தபடி றம்பொடை வழியாக மேலேறும் பாதையை நீங்கள் அறிவீர்கள். அது மோட்டார் வண்டிகளின் சோதனைக்களம். பாதை சென்றடையும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டு அமுக்கம் நில்லாமற் போனால், எஞ்சினுக்குள்ளும் அதே கதிதான். கொதிக்கும் வண்டியை ‘இன்னும் ஒரு வளைவு’ என்று ஓட்டியவர்களே ஹெட் காஸ்கட்டை எரித்தவர்களுட் பெரும்பாலோர்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் இலங்கையில் இன்னும் ஓடுகின்றது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025இலேதான் மீண்டும் தொடங்கியது. அதுவரை பழைய வண்டியைப் பழுதுபார்ப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. வாடகை வண்டி ஒன்றையே நம்பி வாழும் குடும்பத்துக்கு, ‘எஞ்சினைத் திறக்கவேண்டும்’ என்ற சொல் இடி விழுந்ததுபோல் இருக்கும். கூலியை மிச்சம்பிடிக்கத் தாமே திறக்கலாமா என்ற எண்ணம் அப்போதுதான் எழுகின்றது.

திறக்குமுன் நோயை அறியவேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு கண்டவுடன் கலங்கவேண்டாம். மலைநாட்டுக் குளிரில் குறுந்தூரம் ஓடும் வண்டிகளில் அது இயல்பு. அளவுக் கம்பியிலும் எண்ணெய் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருப்பது உறுதி. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் அமுக்கம் குறைந்தால் இடையிலுள்ள காஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்கும்போது அமுக்கம் உயருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன.

காஸ்கட் மட்டுமே என்றால், பொறுமையுள்ளவர் துணியலாம். எஞ்சின் முற்றாக ஆறவேண்டும். கழற்றும் தள்ளுகோல்கள் எட்டையும், எட்டுத் துளையிட்ட அட்டையில் வரிசைப்படி செருகிவைப்பது நல்லது. நான் ஒருமுறை செய்தித்தாளில் பரப்பிவைத்து, காற்று அடித்தபின் அரைநாள் திண்டாடினேன். ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என நேர்விளிம்பு வைத்துப் பார்க்கவேண்டும். வளைந்திருந்தால் இயந்திரப் பட்டறையில்தான் சீவமுடியும். 948, 1098 கன சென்றிமீற்றர் மைனர் எஞ்சின்களில், நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக 40 இறாத்தல்-அடி வரை முறுக்கவேண்டும். இதற்கு விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் கட்டாயம். கைக்கணக்குப் போதாது.

அடிப்பாகத்தில் ‘டக் டக்’ என்ற ஓசையும், எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அணையாத எண்ணெய் விளக்கும் சேர்ந்து வந்தால், அது வேறு விடயம். வளைதண்டைக் கடையவும் புதிய பெயாரிங் பொருத்தவும் வீட்டு முற்றம் ஏற்ற இடமன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூரையில்லா முற்றத்தில் காஸ்கட் வேலையையும் தொடக்கூடாது. ஹைபிரிட் வண்டியாயின் மின்கலப் பகுதியைத் தொடவே வேண்டாம். பிரியஸ் வண்டியில் அது 200 வோல்ட்டுக்கு மேற்பட்டது, உயிரைப் பறிக்கும்.

எஞ்சினை மூடியதும் றம்பொடைக்கு ஏறிவிடாதீர்கள். சமதரையில் சில மைல் ஓட்டி, ஆறவிட்டு, நட்டுகளின் இறுக்கத்தையும் வால்வு இடைவெளியையும் தண்ணீரையும் மறுபடி பாருங்கள். ரேடியேட்டரின் புதிய மூடி அதற்கு முன்னரே போட்டிருக்க வேண்டும்.