இராணுவ லாரி வாங்குவோர் கவனத்திற்கு

புதிய லாரியின் விலை எட்டாத உயரத்தில் இருக்கையில், இராணுவம் கழித்த லாரியொன்றை ஏலத்தில் எடுத்துச் செப்பனிட்டு ஓட்டலாம் என்னும் எண்ணம் உழைத்துப் பிழைக்க விரும்பும் இளைஞருக்கு எழுவது இயல்பே. ஆனால் அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்களில் அவ்வெண்ணம் நிறைவேற வேண்டுமாயின், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போக வேண்டியிருக்கும். ஆதலின் இதனைக் குடும்பம் முழுவதும் அமர்ந்து ஆராய்வது நலம்.

இவ்வழக்கம் புதியதன்று. 1945இல் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளைப் பிலிப்பைன்ஸ் மக்கள் நீட்டிக் கட்டி, ‘ஜீப்னி’ என்னும் பயணிகள் வண்டியாக்கினர். நம் நாட்டில் கழிக்கப்படுபவையோ பெரும்பாலும் இங்கேயே உருவானவை. ஜெர்மானிய ‘மான்’ நிறுவனத்தின் உரிமம் பெற்ற சக்திமான் லாரி 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் தயாராயிற்று. நிஸ்ஸான் வழிவந்த ஜோங்கா 1999 வரை அங்கேயே செய்யப்பட்டது. ஜபல்பூர்த் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. சக்திமானுக்குப் பின் வந்தது அசோக் லேலண்டின் ஸ்டாலியன்.

உற்பத்தி நின்ற வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. ஆகவே எந்த வண்டி மலிவு என்று கேட்பதற்கு முன், எந்த வண்டிக்குப் பாகம் கிடைக்கும், அதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் அருகில் உண்டா என்று விசாரியுங்கள்.

1964இல் தோன்றிய எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம் இத்தகைய வண்டிகளை மின்னணு ஏலத்தில் விற்கின்றது. ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே’ என்பதே விற்பனை நிபந்தனை. ஏலத்தொகையுடன் வரியும், வண்டியை ஊர் கொண்டுவரும் செலவும், செப்பனிடும் செலவும் சேரும். நேரில் சென்று பாராமல் விலை கூறாதீர்கள்.

அடுத்தது ஆவணம். இராணுவ வண்டிகள் மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தொடங்கும் தனி எண்ணைத் தாங்குபவை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பாதுகாப்புப் பணியிலிருந்து நீங்கிய வண்டியைப் புதிதாகப் பதிவு செய்யாமல் சாலையில் ஓட்டலாகாது. பழைய இரும்பாக மட்டும் விற்கப்பட்ட வண்டியைப் பதிவு செய்து ஓட்டலாம் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவதற்கும் முன் அனுமதி வேண்டும். இவற்றையெல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே ஏலத்தில் இறங்க வேண்டும்.

வண்டி வீடு வந்ததும் வர்ணம் பூசவும் எஞ்சினை உறுமச் செய்யவும் மனம் துடிக்கும். முதலில் பார்க்க வேண்டியது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் நின்ற வண்டியில் அவ்வீரம் உள்ளிருக்கும் சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ரப்பர் வாஷர்களும் இறுகிவிடும். அனைத்தையும் கழற்றிப் பார்த்து மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பட்டன் தேயாதிருப்பினும் வயதான டயர் ஓட்டத்தில் வெடிக்கக்கூடும்.

அதன் பின்னர் டீசல் தொட்டியின் கசடை நீக்கி, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்து, இறுதியாகவே ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், முன் பின் அச்சுகள் ஆகியவற்றின் எண்ணெயை மாற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கின்றது. நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் அமைப்பு சேற்றுக்கும் மணலுக்குமே உரியது. தார்ச்சாலையில் அதனைப் போட்டு ஓட்டினால் பற்சக்கரங்கள் முறுக்கேறி உடையும்.

அடி அண்ணாமலையின் சாலை பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. பௌர்ணமியன்று மட்டுமின்றி மற்ற நாட்களிலும், விடியற்காலையிலும் இரவிலும், முதியோரும் குழந்தைகளும் வெறுங்காலுடன் நடக்கும் வழி அது. பல டன் எடையுள்ள லாரி அங்கே நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிடில் நேர்வதை எந்த வருமானமும் ஈடு செய்யாது. எனவே பெற்றோரே, உங்கள் மகன் வண்டியை ஓட்டிக் காட்டும் நாளில் எஞ்சினின் ஓசையைக் கேட்டு மகிழ்வதோடு அமையாதீர்கள். வெற்றிடத்தில் அதனை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பதிவுச் சான்றையும் காப்புறுதியையும் கையில் வாங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவனைச் சாலைக்கு அனுப்புங்கள்.